கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சால்வை

லெயாந்த்ரோ பரேஹா இறந்த மறுநாள் காலை, அவருடைய மகள் அராசெலி, பெனால்தா என்ற ஊரின் காளைச்சண்டை அருங்காட்சியகத்தின் வாசலில் வந்து நின்றாள். அம்மா அனுப்பியிருந்தாள். மாலைப் பூசைக்கு முன்னால் சவப்பெட்டிமேல் போர்த்துவதற்கு அப்பாவின் சரிகைச் சால்வை வேண்டும். சண்டை தொடங்குமுன் வீரர்கள் அரங்கத்துக்குள் அணிவகுத்து வரும்போது தோளில் சுற்றிக்கொள்ளும் சால்வை அது. இப்போது அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது.

"சால்வை இல்லாம உங்கப்பாவக் கோயிலுக்குள்ள கொண்டுபோனா நான் வர மாட்டேன். நீயே பொதைச்சிட்டு வா" என்று அம்மா ஒப்தூலியா விடிந்ததுமே சொல்லிவிட்டாள். புருஷன் உடம்பு அஞ்சலி மண்டபத்தில் கிடக்க, அவள் தலைவாரி முத்துக் கம்மல் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுகிறவர்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

பெனால்தாவில் பெரிது என்று சொல்ல இரண்டுதான் உண்டு. ஒன்று ஆலிவ் எண்ணெய் ஆலை. இன்னொன்று காளைச்சண்டை அரங்கம். அரங்கத்தின் படிக்கட்டு இருக்கைகளுக்கு அடியில், முன்பு குதிரைகள் கட்டிய இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, விளக்குப் போட்டு, அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு அராசெலி வரவில்லை. அவள் மலாகாவில் பல் மருத்துவர். அன்றைக்கு நோயாளிகள் இருக்கிறார்கள் என்று போனில் சொல்லிவிட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா அதைப் பற்றி அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

டிக்கெட் மேசையில் இருந்த பெண் ஒரு டிக்கெட்டைக் கிழிக்கப் போனாள்.

"நான் லெயாந்த்ரோ பரேஹாவோட பொண்ணு" என்றாள் அராசெலி.

அந்தப் பெண் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் வந்து சொன்னாரும்மா. மனுஷன் என்னைப் பாத்து வணக்கம் சொல்லாம ஒருநாளும் போனதில்ல."

ஊரில் எல்லோருக்கும் அப்பா வணக்கம் சொல்வார் என்பது அராசெலிக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு, பொறுப்பில் இருப்பவரைப் பார்க்க வேண்டும் என்றாள்.

பொறுப்பில் இருந்தவள் நொயேலியா. செவில்லாவில் வரலாறு படித்துவிட்டு வந்தவள், முப்பது வயது இருக்கலாம். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. அவள் அராசெலியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுத் துக்கம் சொன்னாள். பிறகு கூடங்கள் வழியாகக் கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த அறை முழுக்க அப்பாதான். சுவரில் அவருடைய பெயர் போட்ட பழைய சுவரொட்டிகள். நடுவில் ஒரு பேழை. அதற்குள் முகமில்லாத பொம்மை ஒன்று புகையிலை நிறமும் தங்கமும் கலந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றது. இடது தோளில் சால்வை. கருநீலப் பட்டு, சுற்றிலும் சரிகைப் பூ, நடுவில் வியாகுல மாதா. பேழைக்கு எதிரே ஒரு மர பெஞ்சு.

"இதத்தான் கேட்டு வந்தேன். பூசை முடிஞ்சு அடக்கம் பண்றவரைக்கும் பெட்டிமேல இருக்கணும்னு அம்மா ஆசைப்படறாங்க. அப்புறம் கல்லறைக்குள்ளயே வச்சிடணும்னு" என்றாள் அராசெலி.

நொயேலியா சாவிக்கொத்தை உள்ளங்கையில் பிடித்து நிறுத்தினாள். "டாக்டர், உடுப்பு உங்க வீட்டோடது. உங்கம்மா கொடுத்தாங்க. அத இப்பவே எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னா நான் எடுத்துக் கொடுத்துடுவேன். ஆனா சால்வை உங்களோடது இல்ல."

"எங்கப்பாவோட சால்வை."

"அவர் போட்டதுதான். ஆனா இத எங்களுக்குக் கொடுத்து வச்சவர் நிக்காசியோ. அவர் ஒரு வார்த்தை சொல்லாம நான் இதத் தொடக் கூடாது."

நிக்காசியோ. அந்தப் பெயரைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்பாவின் குழுவில் வண்ணத்தாள் சுற்றிய குத்துக்குச்சிகளோடு காளைக்கு எதிரே ஓடுகிறவர். அராசெலி சிறுமியாக இருந்தபோது வீட்டுக்கு வருவார். அவள் காதுக்குப் பின்னாலிருந்து பாதாம் பருப்பை எடுத்துக் காட்டுவார். மாமா என்றுதான் கூப்பிடுவாள். பிறகு ஒருநாள் அவர் வரவு நின்றது. அவர் வானொலியில் அப்பாவைப் பற்றிப் பொய் சொன்னார் என்று அம்மா சொன்னாள். என்ன பொய் என்று சொல்லவில்லை. காய்கறிச் சந்தையில் நடுவீதியில் நிறுத்தி அம்மா அவரைக் கிழி கிழியென்று கிழித்தாள் என்று மட்டும் பள்ளியில் பிள்ளைகள் சொன்னார்கள். அந்த வருஷமே அராசெலி விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

நொயேலியா போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"காது மெஷினக் கழட்டி வச்சிருப்பார்" என்றாள். "பரவாயில்ல, காப்பி குடிச்சிட்டு நேரா இங்கதான் வருவார். தினம் வருவார். கொஞ்சம் இருங்க."

காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அராசெலி அறை அறையாக நடந்தாள். நடுக்கூடத்தில் காளைத் தலைகள் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. சிலவற்றுக்கு ஒரு காது இல்லை. நன்றாகச் சண்டையிட்டவனுக்கு அதை அறுத்துக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் கண்கள் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை போலிருந்தன. வடக்கிலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் தலைகளுக்குக் கீழே நின்று தணிந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "இதப் பாக்கவா என்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் அவள். "வெளியில வெயிலு, உள்ள ஏசி, பேசாம வா" என்றான் அவன். அராசெலிக்கு இருவர் பேச்சும் சரியாகவே பட்டது. அவளுக்குக் காளைச்சண்டை மீது வெறுப்பும் இல்லை, பிரியமும் இல்லை. அது அப்பாவின் வேலை. எண்ணெய் ஆலைக்காரன் மகளுக்கு எண்ணெய் வாடை எப்படியோ அப்படி.

அடுத்த அறையில் ஒரு புகைப்படம் அவளை நிறுத்தியது. அரங்கத்துச் சிகிச்சை அறையின் வாசல். நாலைந்து பேர் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்பாவின் முகம் மேலே பார்த்திருக்கிறது, கண் மூடவில்லை. இதே படம் வீட்டுக் கூடத்தில் வெள்ளிச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் அங்கே அப்பாவின் தலையும் தோளும் மட்டும்தான். மீதியை அம்மா கத்தரித்துவிட்டாள் போலிருக்கிறது. இங்கே முழுப்படமும் இருந்தது. அப்பாவின் தொடைக்குப் பக்கத்தில் குட்டையான ஒரு மனிதர் குனிந்தபடி ஓடுகிறார். அவருடைய கை மணிக்கட்டு வரை அப்பாவின் தொடைக்குள் போயிருந்தது. முழங்கை வரை கறுப்பாக இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இரத்தம் கறுப்பாகத்தானே விழும். அவர் வாய் திறந்திருந்தது. கத்துகிறார்.

மருத்துவம் படித்தவள் என்பதால் அந்தக் கை என்ன செய்கிறது என்று அராசெலிக்கு உடனே புரிந்தது. அறுந்த இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கையை எடுத்திருந்தால் சிகிச்சை அறை போய்ச் சேர்வதற்குள் அப்பா முடிந்திருப்பார்.

அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே முகமில்லாத பொம்மை.

அப்பா என்றால் அவளுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊராட்சி நீச்சல் குளம். உயரப் பலகையில் ஏறிவிட்டாள், குதிக்க முடியவில்லை. கீழே அப்பா துண்டோடு நின்றார். "பயமா இருக்குப்பா" என்றாள். "பயமா? அப்படின்னா என்ன? எனக்குத் தெரியாதே" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். எல்லோரும் போன பிறகு அவள் ஏணி வழியாகவே இறங்கி வந்தாள். அதன்பிறகும் நாயைக் கண்டால், இடி இடித்தால், பரீட்சைக்கு முந்தின நாள், அதே பேச்சுதான். எனக்குத் தெரியாதே. அந்த வீட்டில் பயம் என்ற ஒன்று அவளுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. மலாகாவில் தினமும் அவள் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களின் விரல்கள் கைப்பிடியை இறுக்குவதைப் பார்க்கும்போது, அவர்கள் எல்லாம் தன் கட்சி என்று அவளுக்குத் தோன்றும்.

தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை, சாம்பல் தொப்பி, வளைந்த கால்கள். நிக்காசியோ நேராக வந்து பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் யார் என்று பார்க்கவில்லை. பேழையைப் பார்த்துத் தொப்பியைக் கொஞ்சம் தூக்கினார்.

"மாமா" என்றாள் அராசெலி.

அவர் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு பார்த்தார். அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பல்லு டாக்டர்" என்றார்.

"ஆமா மாமா."

"எங்கிட்ட உனக்குப் பொழைப்பு இல்ல. எல்லாம் கட்டின பல்லு." சிரித்துக் காட்டினார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவர் வாய் மூடியது. கறுப்புச் சட்டையைப் பார்த்தார். "எப்போ?"

"நேத்து விடியக்காலையில. ஆஸ்பத்திரியில. தூக்கத்துலயே போயிட்டார்."

நிக்காசியோ தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிரே இருந்த பொம்மையைப் பார்த்துப் பேசுவது போலப் பேசினார்.

"எனக்கு முன்னாடி போயிட்டான். எல்லாத்துலயும் அவன்தான் முன்னாடி போவான், நான் பின்னாடி போகணும். போஸ்டர்லகூட." நிறுத்தினார். "காப்பிக் கடையில எல்லாரும் என்னைப் பாத்துட்டுப் பேச்ச நிறுத்தினானுங்க. எவனும் வாயத் தொறக்கல. கழுதைங்க."

"உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க மாமா. அம்மா..."

"தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டுப் போனேன். உங்கம்மா வராண்டாவுலயே மறிச்சிட்டா. நர்சு முன்னாடி என்னைப் பாத்து, இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுங்கறா. ஆரஞ்ச நானே தின்னுட்டேன்."

அராசெலி வந்த காரியத்தைச் சொன்னாள். சால்வை அவருடையது என்று இப்போதுதான் தெரியும் என்றாள்.

"எடுத்துட்டுப் போ" என்றார் அவர். ஒரு கணமும் யோசிக்கவில்லை. "மொலினேரோன்னு ஒரு காளை அவனக் குத்திச்சு. அவன் எழுந்து நடந்ததும் இத ஒரு துணிப்பையில போட்டு எங்க வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நேர்ல வந்து கொடுக்கல. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டி வந்துடுமோன்னு. அப்படி ஒரு ஆளு."

"அந்தப் போட்டோவப் பாத்தேன். உங்க கை."

"கைய எடுக்காத நிக்காசியோ, கைய எடுக்காதன்னு அழுதான். சின்னப் புள்ள மாதிரி. சாவறதுக்கு எனக்கு ரொம்பப் பயமா இருக்குடான்னான்."

அராசெலி அவர் பக்கம் முழுவதும் திரும்பினாள். "யாரு?"

"உங்கப்பன்தான். வேற யாரு."

"எங்கப்பாவுக்குப் பயமே கிடையாது."

நிக்காசியோ அவளைப் பார்த்த பார்வையில் கிண்டல் இருந்தது, ஆனால் குத்தல் இல்லை. "பொண்ணு, அவன் ஒவ்வொரு சண்டைக்கும் முன்னாடி வாந்தி எடுப்பான். ஒண்ணுகூடத் தப்பாது. கழிவறைக்குள்ள போயிடுவான், நான் வாசல்ல நின்னு யாரும் வராமப் பாத்துக்கணும். ஒரு தடவை என் சட்டையப் புடிச்சிட்டு விடவே மாட்டேன்னுட்டான். வெளியில வாத்தியம் ஊதிட்டாங்க. வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தேன். அப்புறம் மூஞ்சியக் கழுவிட்டு, இந்தச் சால்வையச் சுத்திட்டு, ராஜா மாதிரி உள்ள நடந்தான். அன்னைக்கு ரெண்டு காதும் அவனுக்குத்தான். இதத்தான் ரேடியோவுல சொன்னேன். கேட்டவன் என்கிட்ட, லெயாந்த்ரோ பெரிய ஆள்னு எதனால சொல்றீங்கன்னான். அவ்வளவு பயத்த வச்சிக்கிட்டு உள்ள போனான் பாரு, அதனாலன்னேன். நான் புகழ்ந்துதான் சொன்னேன். உங்கம்மா காதுல வேற மாதிரி விழுந்துடுச்சு."

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. உங்கம்மா இருக்கிற வீட்டுல அவன் என்னைக்கு என்ன சொன்னான்? வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்துடுவான். இந்த இடம் தொறந்த நாள்லேர்ந்து. நீ உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்காருவான். வெளிநாட்டுக்காரங்க வந்து அந்தப் பொம்மையப் போட்டோ எடுப்பாங்க. பக்கத்துலயே நிஜ ஆளு உக்காந்திருக்கான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு ஜப்பான்காரி அவன்கிட்ட கேமராவக் கொடுத்து என்னையும் பொம்மையையும் சேத்து எடுங்கன்னா. எடுத்துக் கொடுத்தான். தலைய வெட்டிட்டான் வேற."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நின்றது.

அராசெலி தன் கைகளைப் பார்த்தபடி இருந்தாள். துக்கம் என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது. கோபத்துக்குப் பக்கத்தில் இருந்தது அது. "பயம்னா என்னன்னே தனக்குத் தெரியாதுன்னு எங்கிட்ட சொன்னாரே மாமா. ஒரு தடவை இல்ல, எப்பப் பாத்தாலும். எல்லார் முன்னாடியும்."

"வேற என்ன சொல்லுவான்? வீட்டுல அந்தப் பேச்ச எடுத்தா அது வீட்டுக்குள்ளயும் வந்து உக்காந்துக்கும்னு நெனச்சிருப்பான்." நிக்காசியோ தோளைக் குலுக்கினார். "சரின்னு சொல்லல. உனக்குச் செஞ்சது சரியில்லதான்."

நொயேலியா கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். பேழையின் பூட்டு எளிதாகத் திறந்தது. சால்வைதான் மசியவில்லை. பொம்மையின் முழங்கையில் எதிலோ மாட்டியிருந்தது. நொயேலியா ஒரு பக்கம் இழுக்க, அராசெலி மறுபக்கம் தூக்க, பொம்மையின் இடது கை கழன்று தரையில் விழுந்தது. உடுப்பின் கை காற்றில்லாத பை போலத் தொங்கியது. வடக்கிலிருந்து வந்த தம்பதி வாசலில் நின்று பார்த்தார்கள். அந்தப் பெண் செல்போனை எடுத்தாள்.

"எடும்மா, நல்லா எடு" என்றார் நிக்காசியோ. "மனுஷன் போய்ச் சேந்த பிறகும் கையக் காலக் கழட்டறாங்கன்னு ஊருக்கெல்லாம் காட்டு."

அவள் செல்போனை உள்ளே வைத்துக்கொண்டாள்.

சால்வை நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. யாருக்கும் அதைச் சரியாக மடிக்கத் தெரியவில்லை. நிக்காசியோவும் இரண்டு முறை மடித்து, பிரித்து, "போட்டுக்கிறவன் வேற, மடிக்கிறவன் வேற" என்று விட்டுவிட்டார். கடைசியில் ஒரு வெள்ளை விரிப்பில் சுருட்டிக் கொடுத்தாள் நொயேலியா.

"மண்ணுக்குள்ள மட்டும்..." என்று ஆரம்பித்த நிக்காசியோ கையை வீசினார். "ஒண்ணுமில்ல. உங்க இஷ்டம். கூட்டிட்டுப் போ அவன."

அவர் பெஞ்சில் மறுபடி உட்காரப் போனார். அராசெலி விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"நீங்களும் வாங்க மாமா."

"எங்க?"

"மண்டபத்துக்கு."

"உங்கம்மா பூச்சாடிய எடுத்து என் மண்டையில போடுவா. ஒரு நாள்ல ரெண்டு அடக்கம் இந்த ஊரு தாங்காது."

"நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வாங்க. பழக்கம்தானே உங்களுக்கு."

நிக்காசியோ அவளை உற்றுப் பார்த்தார். "அப்பன் வாய் அப்படியே" என்று சொல்லிவிட்டுத் தடியை எடுத்தார்.

அவளுடைய காரில் போனார்கள். மண்டபத்தின் முன்னால் கூட்டம் நின்றது. நிழலுக்காகச் சுவரோரமாக ஒட்டி நின்றவர்கள் நிக்காசியோ இறங்குவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுக்கு நடுவே அராசெலி நடந்தாள். அம்மாவை எதிர்த்து அவள் எதையும் செய்ததில்லை. தூரத்து ஊரில் போய் இருந்துகொண்டாள், அவ்வளவுதான்.

ஒப்தூலியா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "இந்த ஆள யாருடி கூப்பிட்டது?"

"நான்தான்."

"சால்வையக் கொண்டு வான்னு சொன்னேன். வேற யாரையும் கொண்டு வரச் சொல்லல."

"சால்வை இவரோடதும்மா. இது வேணும்னா இவரும் இருக்கணும். இல்லன்னா ரெண்டையும் திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்." குரல் நடுங்கியதை அராசெலியே கேட்டாள். ஆனாலும் சொல்லி முடித்தாள்.

மண்டபத்தில் பெண்கள் கையிலிருந்த விசிறிகள் ஆடுவது நின்றுபோயிற்று. ஒப்தூலியா மகளைப் பார்க்கவில்லை. நிக்காசியோவைப் பார்த்தாள்.

"நீ ரேடியோவுல சொன்னது பொய்யின்னு நான் நெனச்சேன்னு உனக்கு எண்ணமா?"

நிக்காசியோ தடியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவர் சட்டையத் தொவைச்சது யாரு? உங்க வீட்டுலயா தொவைச்சீங்க? ஒவ்வொரு சண்டையும் முடிஞ்சு வந்து கூடையில போடுவாரு. நாத்தம். நான் மூச்சுப் புடிச்சிட்டு ஊற வச்சு அலசுவேன். ஒருநாளும் என்னன்னு கேட்டதில்ல. அவரும் சொன்னதில்ல. புருஷன் பெண்டாட்டிக்குள்ளயே மூடி வச்சிருந்தத, நீ போய் மைக்குல வச்சு ஊருக்கே ஊதிட்ட. எண்ணெய் ஆலையில கொட்டைய அள்ளற பயலெல்லாம் அவரப் பாத்துச் சிரிச்சான்."

"சிரிச்சவன் எவனும் காளை முன்னாடி நின்னதில்ல ஒப்தூலியா."

"அது எனக்குத் தெரியாதா?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "தொப்பியக் கழட்டு. சாவு வீட்டுல தொப்பி போட்டுட்டு நிக்கிற."

நிக்காசியோ தொப்பியைக் கழற்றினார். ஒப்தூலியா மகளின் கையிலிருந்து விரிப்பை வாங்கினாள். சால்வையை அவளே உதறிப் பெட்டிமேல் விரித்தாள். ஒரு ஓரம் கோணலாக விழுந்தது. நிக்காசியோ மறுபக்கம் போய் இழுத்துச் சரிசெய்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே அந்த வேலையைச் செய்தார்கள்.

பூசைக்கு முன்னால், வழக்கப்படி, பெட்டியை அரங்கத்துக்குக் கொண்டுபோய் மணலில் ஒரு சுற்று வந்தார்கள். படிக்கட்டுகளில் அங்கங்கே ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தூக்கியவர்கள் எல்லாம் இளவட்டங்கள். நிக்காசியோவால் தோள் கொடுக்க முடியவில்லை. பெட்டியின் பக்கப் பலகையில் கையை வைத்தபடி, வளைந்த காலோடு, மூச்சிரைக்க நடந்தார். அராசெலி அவருக்குப் பின்னால் நடந்தாள். மணல் செருப்புக்குள் புகுந்தது. வட்டத்தின் நடுவிலிருந்து பார்க்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மரத் தடுப்பு, ஓடி ஒளிய எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. இங்கே நின்று பார்த்தது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில், சுவரிலிருந்த மாடத்துக்குள் பெட்டியைத் தள்ளுவதற்கு முன்னால் கொத்தனார் கரண்டியோடு திரும்பிக் கேட்டார். "துணி உள்ளயா, வெளியயா?"

ஒப்தூலியா நிக்காசியோவைப் பார்த்தாள். "உன்னோடதாமே. நீயே சொல்லு."

"அவன் கூடப் போகட்டும்" என்றார் அவர்.

"வேண்டாம். நீ எடுத்துக்க. அவர் உனக்குக் கொடுத்தது."

"நீதானே உள்ள வைக்கணும்னு கேட்ட?"

"கேட்டேன். இப்ப வேண்டாம்கறேன்."

"உள்ளயே இருக்கட்டும் ஒப்தூலியா."

கொத்தனார் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்து காய்ந்துகொண்டிருந்தது. அராசெலி முன்னால் வந்து சால்வையை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "அங்கயே திரும்பிப் போகட்டும். நிக்காசியோ மாமா காலையில உக்காந்து பாக்கறதுக்கு ஏதாவது வேணும்."

கொத்தனார் பெட்டியை உள்ளே தள்ளிச் சாந்து பூச ஆரம்பித்தார்.

வெளிச்சம் இன்னும் மிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரி கொண்டைக்கடலைக் குழம்பு ஒரு பானை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அன்றே மலாகாவுக்குக் கிளம்பிவிடுவதாகத்தான் அராசெலி நினைத்திருந்தாள். சமையலறையில் நின்று தன் உதவியாளரைப் போனில் கூப்பிட்டு, நாளைக்கும் மறுநாளைக்கும் வர வேண்டியவர்களுக்கு வேறு நாள் கொடுக்கச் சொன்னாள். பிறகு மூன்று தட்டு எடுத்தாள். நிக்காசியோ வாசலிலேயே நின்றிருந்தார். உட்காரும்படி ஒப்தூலியா சொல்லவில்லை. ஒரு நாற்காலியை மேசையிலிருந்து காலால் தள்ளிவிட்டாள். அவர் வந்து உட்கார்ந்தார்.

அராசெலி மூன்று தட்டிலும் குழம்பை ஊற்றினாள்.

"அந்த மொலினேரோ" என்றாள் அராசெலி. "அப்பாவக் குத்தின காளை. அது என்ன நிறம்?"

இருவரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் அவள் ஒரு காளையைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"கறுப்பு" என்றாள் அம்மா.

"செவலை" என்றார் நிக்காசியோ. "நல்ல செவலை. நெத்தியில வெள்ளைச் சுழி."

"கன்னங்கரேல்னு இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"நீ எங்க பாத்த? நீ வீட்டுல ஜெபமாலை உருட்டிட்டு இருந்த."

"டிவியில பாத்தேன்."

"ஒப்தூலியா, அது கறுப்பு வெள்ளை டிவி."

அம்மா பானையைத் தன் பக்கம் இழுத்து நிக்காசியோ தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். "செவலையோ கறுப்போ, சாப்பிடு" என்றாள். "பல்லு கில்லு இருக்கா உனக்கு?"

"கட்டினது. டாக்டர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"காட்டுங்க பாக்கலாம்" என்றாள் அராசெலி, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி.